இரைப்பை காலையிலும் கல்லாக இருந்தால்

கேள்வி: திருவட்டாறு பக்கம் எங்கள் வீடு. ஏழு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் நிற்கின்றன. ஒரு பெட்டைக்கோழி மட்டும் மூன்று நாளாக இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையிலேயே நிற்கிறது. அரிசி போட்டால் ஓடி வருகிறது, கொத்தாமல் திரும்பிவிடுகிறது. கழுத்துக்குக் கீழே பந்து மாதிரி வீக்கம். தூக்கினால் உடம்பு சுடுகிறது. காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டைப் பொடித்துக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைத்தால் சரியாகும் என்கிறார் மாமியார். நாலு நாளாக முட்டையும் இல்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா, சாவதற்குள் அறுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். கோழி எப்போதுமே சுடும். நமக்கு 98.4 டிகிரி என்றால் நல்ல சுகமாக இருக்கும் கோழிக்கே 106, 107 டிகிரி இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் மாத்திரை கொடுக்கிறார்கள். கால் துண்டு என்பது நமக்குத்தான் சின்ன அளவு, ஒன்றரைக் கிலோ கோழிக்கு அல்ல.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரைப்பை அடைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. உறுதி செய்ய ஒரு வழி உண்டு. கோழி தின்னும் இரை முதலில் நெஞ்சுக்கு முன்னால், கொஞ்சம் வலப்பக்கமாக இருக்கும் இரைப்பை என்ற பையில் சேரும். சாயங்காலம் கூட்டில் ஏறும்போது அது நிறைந்து புடைத்திருப்பது சரிதான். விடிவதற்குள் காலியாகிவிட வேண்டும். அதனால் இன்று ராத்திரி இந்தக் கோழியைத் தனியாக ஒரு கூடையில் வையுங்கள், தண்ணீர் மட்டும் போதும். காலையில் பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். பை தளர்ந்து கிடந்தால் அடைப்பு இல்லை, வேறு காரணம் தேட வேண்டும். கல் மாதிரியோ பிசைந்த மாவு மாதிரியோ கையில் தட்டினால் அடைப்பு. தண்ணீர்ப் பை போலத் தளும்பி, வாயில் பழங்கஞ்சி புளித்த வாடை வந்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. அதற்கு டாக்டர் மருந்து வேண்டும். அந்த நிலையில் தெம்புக்கு என்று கருப்பட்டித் தண்ணீர் கொடுக்காதீர்கள், பூஞ்சைக்கு இனிப்பு என்றால் கொண்டாட்டம்.

மடியில் இருக்கும்போதே பின்பக்கம், வயிற்றுக்குக் கீழேயும் தொட்டுப் பாருங்கள். முட்டை சிக்கி நிற்கிறதா என்று தெரியும். இல்லையென்றால் நாலு நாள் முட்டை இடாததைப் பெரிதாக எடுக்க வேண்டாம், தீனி இல்லாத கோழி முட்டை இடாது.

கெட்டியாக இருந்தால் வீட்டில் செய்யக்கூடியது இது. ஒரு நாள் முழுக்கத் தீனி கிடையாது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், அதன் பிறகு கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர். அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கோழியின் வாயைத் திறந்தால் நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை மூடித் திறப்பது தெரியும். அதுதான் மூச்சுக்குழல். அவசரப்பட்டு ஊற்றினால் எண்ணெய் அதற்குள் போய்விடும். மாமியார் சொன்ன வைத்தியத்திலும் இதே ஆபத்துதான். தலைகீழாகப் பிடிக்கும்போது மேலே வரும் தண்ணீர் அந்தத் துளை வழியாக நுரையீரலுக்கு இறங்கி, கோழி கையிலேயே துவண்டுவிடும். அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

எண்ணெய் உள்ளே போனதும் பையை விரல் நுனியால் ஐந்து நிமிடம் மெல்ல உருட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை. சாரல் விழுகிற நாளாக இருந்தால் கூடைக்கு மேலே ஒரு குண்டு பல்பு எரியட்டும். பை இளகியதும் குழைந்த சோறு, அவித்த முட்டை, கொஞ்சம் கொஞ்சமாக. நெல்லும் அரிசியும் நாலைந்து நாள் கழித்துப் போதும்.

இரண்டு நாளில் இளகவில்லை என்றால், அல்லது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, பையைச் சின்னதாகத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துத் தைத்துவிடுவார்கள். சிலர் வீட்டிலேயே பிளேடால் கீறித் தையல் நூலால் தைத்துக் கொண்டுவருகிறார்கள். வேண்டாம். நான் திறந்த ஒரு கோழியின் பையில் காய்ந்த புல்லும் கதம்பைத் தும்பும் (தேங்காய் மட்டை நார்) கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு ஒரு கைப்பிடி வந்தது. நடுவில் ஒரு ரப்பர் பேண்ட். மழையில் நாலு நாள் அடைத்துப் போட்டுவிட்டுத் திறந்துவிட்டால், பசியில் கண்ணில் பட்டதையெல்லாம் கொத்தத்தானே செய்யும்?

ஆனால் இவ்வளவும் ஒரே ஒரு கோழிக்கு வந்தால்தான். இன்னொன்றும் தூங்கி விழ ஆரம்பித்தால், எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போனால், கழுத்து திருகினால், அது வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அதில் இரைப்பை நிற்பது நோயின் ஓர் அடையாளம் மட்டுமே. அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. நோய் வந்த பிறகு போட்டால் பலன் இல்லை. ஒரே நாளில் பல கோழிகள் செத்து, கொண்டை நீலம் பாரித்திருந்தால் கையால் தொடாமல் கால்நடை உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். 2021 ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் பறவைக்காய்ச்சல் வந்தது, நமக்கு அதிக தூரம் இல்லை.

அறுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். என்ன நோய் என்று தெரியாத கோழியைக் குழம்பு வைக்கக் கூடாது, அக்கம்பக்கத்துக்கு விற்கவும் கூடாது. செத்தால் ஓடையில் எறியாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். மாத்திரை கொடுத்திருப்பதால், பிழைத்து முட்டையிட ஆரம்பித்தாலும் முதல் ஒரு வாரத்து முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

மற்ற ஆறு கோழிக்கும் சேவலுக்கும் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குழம்புக்குச் சுத்தம் செய்யும்போது மஞ்சள் தோலை உரிப்போமே, அந்த அரைவைப்பைக்குள் மணலும் பொடிக்கல்லும் கிடக்கும். கோழிக்குப் பல் அதுதான். அடைத்து வைக்கும் நாட்களில் ஒரு சிரட்டையில் பொடிக்கல் போட்டுக் கூட்டுக்குள் வையுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் கதம்பைக் குவியல் இருந்தால் அதை மாற்றிப் போடுங்கள்.