வீட்டில் நட்சத்திர ஆமை முட்டை: குஞ்சு பொரிக்க வைக்கலாமா?

கேள்வி: 3 வருடங்களுக்கு முன் என் கணவரின் அண்ணன், காட்டோரத்தில் பிடித்ததாகச் சொல்லி 2 நட்சத்திர ஆமைகளை எங்கள் மகளுக்குக் கொடுத்தார். கீரை போட்டு வளர்த்து வருகிறோம். போன வாரம் பெண் ஆமை கொல்லையில் குழி தோண்டி 4 முட்டை இட்டது. இன்குபேட்டர் வாங்க வசதியில்லை. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, தென்னை நார்க்கழிவு, ஒரு சின்ன பல்பு, வெப்பமானி என்று 500 ரூபாய்க்குள் நாங்களே ஒன்று செய்து, முட்டைகளை அதில் வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் ‘ஆமை வளர்த்தால் ஜெயில்’ என்று பயமுறுத்துகிறார். ஆன்லைனில் பதிவு செய்துவிட்டுப் பொரிக்க வைக்கலாமா? இல்லை, எல்லாவற்றையும் காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமா? வனத்துறையில் சொல்வதானால், அண்ணன் பெயரை விட்டுவிட்டு ‘வழியில் கிடந்தது’ என்று சொல்லலாமா?
(வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை, சகோதரி. நட்சத்திர ஆமை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது, புலியும் யானையும் இருக்கும் அட்டவணைக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டு சிறை. 7 ஆண்டு வரை போகலாம். 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் சேரும். ‘ஏதோ ஃபைன் கட்டினால் விட்டுவிடுவார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறைந்தபட்ச சிறைத்தண்டனை உள்ள குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள இந்தச் சட்டம் இடம் தரவில்லை.

முட்டைதானே, இன்னும் உயிரே வரவில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். ‘விலங்கு’ என்ற சொல்லுக்குள்ளேயே முட்டையையும் சேர்த்துத்தான் சட்டம் வரையறை தருகிறது. பெட்டியில் இருப்பவை சட்டப்படி 4 விலங்குகள். அதோடு, சட்டத்தை மீறி வளர்த்த அல்லது இனப்பெருக்கம் செய்த வன விலங்கு அரசுச் சொத்து என்கிறது பிரிவு 39. ஆக, நீங்கள் எவ்வளவு பாசமாகப் பொரிக்க வைத்தாலும் குஞ்சுகள் உங்களுடையவை ஆகாது. நட்சத்திர ஆமை முட்டை பொரிய மாதக்கணக்கில் ஆகும். இது குற்றம் என்று தெரிந்த பிறகும் அத்தனை நாள் வைத்திருந்தால், ‘தெரியாமல் வளர்த்தோம்’ என்று சொல்லக்கூடிய வாய்ப்பும் கையை விட்டுப் போய்விடும்.

ஆன்லைன் பதிவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யலாம் என்பது உண்மை. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ஆனால் அது பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு, பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி மாதிரி வெளிநாட்டு உயிரினங்களுக்கு. முன்பு நம் ஊர் ஆமை இருந்த நான்காம் அட்டவணையில், திருத்தத்துக்குப் பிறகு இப்போது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள உயிரினங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், குஞ்சு பிறந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஒரே உயிரினம் இரண்டு அட்டவணையிலும் வந்தால், முதல் அட்டவணையின் விதிதான் செல்லும். நம் ஊர் நட்சத்திர ஆமைக்கு அந்தப் பதிவு கவசம் ஆகாது. ‘பதிவு வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

காட்டில் விடவே விடாதீர்கள். கொண்டுபோகும் வழியில் பிடிபட்டால், கடத்தல் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வழக்கு ஒன்று வந்தால் தடயத்தை மறைத்தீர்கள் என்ற பேச்சும் எழும். ஆமையின் பக்கமிருந்து பார்த்தாலும் அது சரியில்லை. வீட்டில் வளர்ந்த ஆமையிடமிருந்து காட்டில் உள்ளவற்றுக்கு நோய் பரவலாம். கைவிடப்பட்ட முட்டையை உடும்போ கீரியோ ஒரே இரவில் தீர்த்துவிடும். பயத்தில் முட்டைகளை உடைத்துப் போடுவதும் கூடாது. ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதே ‘வேட்டை’ என்ற வரையறைக்குள் வருகிறது.

சரி, என்ன செய்வது? இப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு தாண்டிவிட்டது. அதற்காக இன்னும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவரோடு சேர்ந்து வனச்சரகருக்கு மனு எழுதுங்கள்: 2 ஆமை, 4 முட்டை, எப்போதிலிருந்து இருக்கின்றன, முட்டை எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். 2 பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மாவட்ட வன அலுவலருக்கும் ஒரு நகலை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ஆமைகளைப் பையில் போட்டு நீங்களே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

தானாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கே வராது என்று நான் உறுதி சொல்ல முடியாது. அப்படி ஒரு மன்னிப்பைச் சட்டம் எழுதி வைக்கவில்லை. விலங்கை அரசிடம் ஒப்படைப்பது பற்றி 42ஏ என்று ஒரு பிரிவு புதிதாக வந்திருக்கிறது. அது விலங்கை வைத்திருக்க முறைப்படி உரிமைச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டும். இன்னொரு சிரமம், கையில் இருப்பது நிரூபணமானால் அது சட்டவிரோதம் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் யாரோ புகார் கொடுத்து, சோதனை போட்டுப் பிடிபடுவதற்கும், நீங்களே தேதி போட்ட மனுவோடு போவதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. இது ஜாமீன் தானாகக் கிடைக்காத, நீதிமன்றம் பார்த்துத் தர வேண்டிய பிரிவு என்பதால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 482-இன் கீழ் முன்ஜாமீன் தேவையா என்று உங்கள் வழக்கறிஞர் முடிவு செய்யும்போது, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய அந்த மனுப் பிரதிதான் அவர் கையில் இருக்கும் பலமான ஆவணம்.

அண்ணன் விஷயம் குடும்பத்துக்குள் சங்கடமானது, புரிகிறது. பிடித்தவர் மேல் வேட்டைக் குற்றமே வரலாம். அதற்காக ‘வழியில் கிடந்தது’ என்று பொய் எழுதிக் கொடுக்காதீர்கள். 3 வருடம் வளர்த்த ஆமைக்கு அந்தக் கதை ஒட்டாது, ஒரு பொய் வெளிப்பட்டால் மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற உரிமையை அரசமைப்புச் சட்டம் தருகிறது. எதைச் சொல்வது, எதை வழக்கறிஞர் வழியாக மட்டும் சொல்வது என்பதை முன்கூட்டியே அவரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அவருக்கு மட்டும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆதார் நகலோடு போங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வனத்துறையினர் வந்து எடுக்கும்வரை பெட்டியை இப்போது இருக்கும் இடத்திலேயே வையுங்கள். முட்டையைத் திருப்பவோ குலுக்கவோ கூடாது. கரு ஒரு பக்கமாக ஒட்டி வளரும், புரட்டினால் செத்துப்போகும். கோழி முட்டையைப் புரட்டுவது போல இதைச் செய்துவிடாதீர்கள். மேல் பக்கத்தில் பென்சிலால் லேசாக ஒரு குறி போட்டு, இட்ட தேதியையும் பெட்டியின் வெப்பநிலையையும் ஒரு தாளில் எழுதி, எடுக்க வருபவர்களிடம் கொடுங்கள்.