அதிகாரம் யார் கையில்?

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் இருக்கும் என் மகன், "ஓட்டலில் முட்டை கேட்டாலே பத்து கேள்வி கேட்கிறாங்கம்மா" என்கிறான். எல்லா நாட்டிலும் இப்படித்தானா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மகளைப் பார்க்க ஒஹாயோ போனபோது நானும் மாட்டிக்கொண்டேன். முட்டையைத் திருப்பிப் போடவா, வேண்டாமா, கலக்கிப் பொரிக்கவா? ரொட்டியில் எது? உருளைக்கிழங்கு துருவலா, துண்டா? தருமபுரியில் மெஸ் நடத்தியவளுக்கு இதெல்லாம் வேடிக்கை! நம்ம கடையில் இன்றைக்குக் கொள்ளுக் கடைசல் என்றால் எல்லாருக்கும் கொள்ளுக் கடைசல்தான். களி உருண்டையைக் குழித்து, கடைசல் ஊற்றி, மெல்லாமல் விழுங்கணும். மென்றால் பக்கத்து இலைக்காரரே திருத்துவார்.

அமெரிக்காவில் சாப்பிடுகிறவர் சொல்வதுதான் சட்டம். வெங்காயத்தை எடு, சாஸைத் தனியா வை என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இத்தாலியில் அந்த ஜம்பம் பலிக்காது. மீன் போட்ட பாஸ்தாவுக்கு சீஸ் கேட்டாலும், மதியச் சாப்பாட்டுக்கு மேல் கப்புச்சினோ கேட்டாலும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிரான்சின் சின்ன ஊர்களில் மதியம் 2 மணி தாண்டினால் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அந்த நாட்டின் விருந்து முறையை 2010-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது ஏதோ ஒரு பதார்த்தத்தை அல்ல; கூடி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பரிமாறி, பேசிச் சாப்பிடும் வழக்கத்தை. ஜப்பானில் சில சுஷி கடைகளில் மெனுவே கிடையாது, சமையல்காரர் வைப்பதுதான் சாப்பாடு. கிட்டத்தட்ட நம்ம மெஸ் கணக்கு. விலையைத்தான் கேட்கக்கூடாது!

கேள்வி: அமெரிக்காவில் டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமாமே, ஏன்?
– வாசகர், பர்கூர்

பதில்: மேலே உள்ள பத்து கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது ஏறவே இல்லை. கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் முழுக் கூலி உண்டு. மற்ற பல இடங்களில் வாடிக்கையாளர் மனசு குளிர்ந்தால்தான் பரிமாறுகிற பெண்ணுக்கு வீட்டு வாடகை. கேள்வி கேட்காமல் என்ன செய்வாள்? பிரான்சில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். ஜப்பானில் மேஜையில் காசை விட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள்.

அமெரிக்கா போனால் 100 டாலர் பில்லுக்கு 18, 20 டாலர் தனியாக எடுத்து வையுங்கள். தட்டில் மிஞ்சியதை டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அங்கே அது கௌரவக் குறைச்சல் இல்லை.