ஹெக்ஸேன்ல நைட்ரஜன் கரைதிறன் 20% கம்மியா வருது: பதில்

ஹெக்ஸேன்ங்கிற கரைப்பான்ல நைட்ரஜன் எவ்வளவு கரையுதுன்னு அளந்தா புத்தகத்து மதிப்பைவிட 20% கம்மியா வருதுன்னு கேட்டிருந்தீங்க. ஹெக்ஸேனோட ஆவி அழுத்தத்தை (திரவத்துக்கு மேல நிக்கிற அதோட ஆவி தர அழுத்தம்) கழிக்காம விட்டிருக்கீங்க. 25 டிகிரி செல்சியஸ்ல மொத்த அழுத்தம் 760 மிமீ பாதரசத்தையும் (1 அட்மாஸ்பியர்) நைட்ரஜன் கணக்குல போட்டுட்டீங்க, ஆனா அதுல சுமார் 151 மிமீ ஹெக்ஸேன் ஆவியே பிடிச்சுக்குது, மிச்சம் 609 தான் நைட்ரஜன், 609ஐ 760ஆல வகுத்தா 0.80, நீங்க சொன்ன குறைவு அப்படியே வந்து நிக்குது பாருங்க. புத்தகத்து மதிப்பு நைட்ரஜனோட பகுதி அழுத்தமே (கலவைல நைட்ரஜன் மட்டும் தர அழுத்தம்) 1 அட்மாஸ்பியர்னு வச்சு கொடுத்தது.

சந்தேகம்னா அதே செட்டப்ல ஹெக்ஸேனுக்கு பதிலா டொலுயீன்ங்கிற கரைப்பானை போட்டு ஓட்டுங்க. அதோட ஆவி அழுத்தம் 28 மிமீ தான், வித்தியாசம் 4% கிட்டதான் வரணும். அதுலயும் 20% அடிச்சா வேற கதை, திரவத்துல பழைய காத்து மிச்சம் இருக்கு, திரவத்தை உறைய வச்சு, பம்ப் போட்டு காத்தை இழுத்துட்டு உருக்குறதை மூணு தடவையாவது பண்ணுங்க (ஒரு தடவைல முடிச்சுட்டு நான் ஒரு வாரம் வீணாக்கினேன்). கடைசில உருக்கும்போது குமிழியே கிளம்பக்கூடாது.

ஒண்ணு மட்டும், பியூரெட்ல (வாயுவோட கன அளவைப் பார்க்கிற கோடு போட்ட குழாய்) இருக்கிற வாயுவும் ஹெக்ஸேன் ஆவி கலந்ததுன்னா உறிஞ்சின கன அளவுக்கும் அதே 0.80 போடணும், அப்போ அழுத்தத்துல வர்ற 0.80உம் கன அளவுல வர்ற 0.80உம் அடிபட்டுப் போயிடும், தப்பு வேற எங்கயோ இருக்குனு அர்த்தம். பியூரெட்ல இருக்கிறது காஞ்ச வாயுவா (ஹெக்ஸேன் ஆவி கலக்காததா) இல்லையான்னு முதல்ல சொல்லுங்க.