டர்போ டீசல் கார் மேட்டில் திணறுவது ஏன்?

பெங்களூரிலிருந்து நந்தி மலை ஏறுகையில், எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை, கரும்புகை வேறு தள்ளுகிறது என்றால் முதலில் காற்றுக் கசிவைச் சந்தேகியுங்கள்.

டர்போ என்பது எஞ்சின் வெளியேற்றும் புகையின் வேகத்தில் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் விசிறி. வழியில் இன்டர்கூலர் அந்தக் காற்றைக் குளிர்விக்கும். நடுவில் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் கிழிந்தாலோ, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்தாலோ காற்று பாதியிலேயே போய்விடும். பஞ்சரான டியூபுக்குப் பம்ப் அடிக்கிற கதைதான். காற்று போதாத டீசல் அரைகுறையாக எரிவதால்தான் அந்தக் கரும்புகை. மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’ சத்தம், ஹோஸ் இணைப்பில் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு இரண்டும் இருந்தால் ஏறக்குறைய உறுதி. அப்புறம் ஏர் ஃபில்டர். நம்ம ஊர்த் தூசிக்கு அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

‘உயரத்தில் காற்று மெலிது, அதான்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நந்தி மலை சுமார் 1,478 மீட்டர்தான். அந்தக் குறையை நல்ல டர்போ பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.