கனடாவின் குளிர்காலச் சாலைகளில் 'கரும்பனி' என்று எதைச் சொல்கிறார்கள்?

கரும்பனி என்பது கறுப்பு நிறப் பனி அன்று. தார்ச்சாலையின் மீது கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும் மெல்லிய நீர்ப்படலம். அதன் வழியே தாரின் நிறமே தெரிவதால், ஓட்டுநர் அதை வெறும் ஈரம் என்று எண்ணிவிடுகிறார். இது பெரும்பாலும் பாலங்களில்தான் முதலில் உருவாகும்: தரைமீது அமைந்த சாலைக்கு மண்ணின் வெப்பம் ஓரளவு கிடைக்கிறது, பாலத்தையோ மேலும் கீழும் குளிர்காற்று தழுவுவதால் அது விரைவில் குளிர்ந்துவிடுகிறது. உப்புத் தூவியிருக்கிறார்களே என்றும் நம்பிவிட முடியாது, ஏனெனில் ஏறத்தாழ மைனஸ் 10 செல்சியசுக்குக் கீழே சாதாரண உப்பு பனியை உருக்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

பாசி படிந்த குளத்துப் படியில் இறங்குபவரின் கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும், படி பிடிமானம் தராவிட்டால் வழுக்கத்தான் செய்யும். டயரின் நிலையும் அதுவே. சுமார் 7 செல்சியசுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குவதால், கியூபெக் மாகாணம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியுள்ளது. நம்மவர் மிகுதியாக வாழும் ஒன்ராறியோவில் அத்தகைய சட்டம் இல்லாவிட்டாலும், அங்கும் மாற்றிக்கொள்வது அவசியம் என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வாகனம் பனியில் சீக்கிரம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இயங்குகிறது என்பதால், அந்த அமைப்பு வண்டியைக் கிளப்ப உதவுமே தவிர, நிற்கும் தூரத்தைக் குறைப்பதில்லை.