'என்ஜாய்' என்ற வினைக்குப் பின் 'டு' வருமா?

கேள்வி: 'ஐ என்ஜாய் டு ரீட்' என்று நான் எழுதியதை ஆசிரியர் 'ஐ என்ஜாய் ரீடிங்' என்று திருத்தினார். 'ஐ வான்ட் டு ரீட்' சரியென்றால் இது மட்டும் ஏன் பிழை?

பதில்: அடுத்து வரும் வடிவத்தை முதல் வினையே தீர்மானிக்கிறது. என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் போன்றவை, நம் 'படித்தல்', 'எழுதுதல்' முதலிய தொழிற்பெயர்களை ஒத்த ஜெரண்டை ஏற்கும். வான்ட், ஹோப், டிசைட் ஆகியவை 'டு'வைக் கேட்கும். தமிழில் 'படிக்க' என்ற ஒரே எச்சம் 'விரும்புகிறேன்', 'தொடங்கினேன்', 'முடிவு செய்தேன்' எனப் பல வினைகளுக்கு முன்னும் பொருந்துவதால் இத்தடுமாற்றம் இயல்பானதே. மிகுந்த கவனம் வேண்டியது 'ஸ்டாப்' என்ற வினைக்குத்தான்: 'ஹீ ஸ்டாப்ட் டாக்கிங்' என்றால் அவர் பேச்சை நிறுத்தினார், 'ஹீ ஸ்டாப்ட் டு டாக்' என்றாலோ, நடந்துகொண்டிருந்தவர் பேசுவதற்காக நின்றார். வினைகளைத் தனியே மனப்பாடம் செய்யாமல், 'என்ஜாய் ரீடிங்' என்று இணையாகவே பழகுங்கள்.