பொறியியலுக்கு நோபல் உண்டா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பொறியியலுக்கென்று ஏன் நோபல் பரிசு இல்லை? பொறியாளர்கள் யாருமே அதை வாங்கியதில்லையா?

பதில்: தனிப் பரிசு இல்லை. ஆனால் வாங்கிய பொறியாளர்கள் இருக்கிறார்கள். 1895 நவம்பர் 27 அன்று ஆல்ஃபிரட் நோபல் கையெழுத்திட்ட உயிலில், இயற்கையின் உண்மையைக் கண்டறிந்தவருக்கு மட்டுமல்ல, புதிதாக ஒன்றை உருவாக்கியவருக்கும் இயற்பியல் பரிசு தரலாம் என்று இருக்கிறது. வேதியியலிலோ, இருக்கிற ஒன்றை மேம்படுத்தினாலே போதும். இந்த இரண்டு வாசல் வழியாகத்தான் பொறியாளர்கள் நுழைந்தார்கள்.

1912-ல் இயற்பியல் பரிசு பெற்றவர் ஸ்வீடன் பொறியாளர் குஸ்தாவ் டாலென். கலங்கரை விளக்குகளுக்கும் மிதவை விளக்குகளுக்கும் தானியங்கிக் கட்டுப்பாடுகளைச் செய்ததற்காகக் கிடைத்தது அது. அவருடைய 'சூரிய வால்வு' எளிமையானது, ஆனால் அபாரமானது. நடுவில் ஒரு கறுப்புத் தண்டு, சுற்றிலும் பளபளப்பாக மெருகேற்றிய தண்டுகள். வெளிச்சம் பட்டால் கறுப்பு மட்டும் அதிகம் சூடாகி நீளும். அந்த நுண்ணிய வித்தியாசம் நெம்புகோலைத் தள்ளி எரிவாயுவை அடைக்கும். இருட்டினால் சுருங்கித் திறந்துவிடும். வெறும் வெக்கையால் விளக்கு அணைந்துவிடாதா என்று கேட்கலாம். காற்றின் சூட்டில் எல்லாத் தண்டும் ஒரே அளவில் நீளும். வித்தியாசம் வராது, வால்வு அசையாது.

1931-ல் வேதியியல் பரிசைப் பகிர்ந்த கார்ல் போஷின் வேலை இன்னும் கடினம். வேதியியலாளர் ஹேபர் கண்ட அம்மோனியா தயாரிப்பைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனபோது, சுமார் 200 வளிமண்டல அழுத்தத்திலும் 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலும் எஃகுக் குழாய்கள் வெடித்தன. ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதற்கு வலு தரும் கார்பனைத் தின்றுவிடும். எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். போஷ் இரண்டு வேலையையும் பிரித்தார். உள்ளே கார்பன் குறைந்த மெல்லிரும்பு உறை, அது ஹைட்ரஜனைத் தாங்கும். வெளியே எஃகு, அது அழுத்தத்தைத் தாங்கும். கசிந்து வரும் ஹைட்ரஜன் தேங்காமல் வெளியேற வெளி எஃகில் சிறு துளைகள். அழுத்தக் கலனில் வேண்டுமென்றே ஓட்டை போடும் துணிச்சலுக்கே ஒரு பரிசு தரலாம்.

கேள்வி: ஒளியிழைக்காக (ஆப்டிகல் ஃபைபர்) 2009-ல் சார்லஸ் காவோவுக்கு நோபல் தந்தார்கள். அந்த இழையை உண்மையில் செய்து காட்டியவர்களை ஏன் விட்டார்கள்?

பதில்: ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு பரிசுகள் யார் யாரைத் தேர்ந்தெடுத்தன என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

1960-களில் நல்ல கண்ணாடி இழையிலும் கிலோமீட்டருக்கு 1000 டெசிபல் அளவுக்கு ஒளி இழப்பு இருந்தது. அதாவது 20 மீட்டர் போவதற்குள் ஒளி 1 சதவீதமாகிவிடும். இழப்புக்கு முக்கியக் காரணம் கண்ணாடியிலுள்ள இரும்பு போன்ற மாசுகள்தான். அவற்றை நீக்கி 20 டெசிபலுக்குக் கொண்டுவந்தால் தகவல் தொடர்புக்கு உதவும் என்று காவோ 1966-ல் காட்டினார். இழையைச் செய்தது வேறு கைகள். 1970-ல் கார்னிங் நிறுவனத்தில் ராபர்ட் மௌரர் குழு அந்த இலக்கைத் தாண்டியது. பெல் ஆய்வகத்தின் ஜான் மெக்செஸ்னி, சிலிக்கா குழாய்க்குள் வாயுக்களைச் செலுத்தி, வெளியிலிருந்து சூடாக்கி, உட்சுவரில் தூய கண்ணாடியைப் படியவைக்கும் உற்பத்தி முறையை உருவாக்கினார்.

அமெரிக்கப் பொறியியல் அகாடமி தரும் டிரேப்பர் பரிசு 1999-ல் இந்த மூவருக்கும் சேர்த்துப் போனது. நோபலில் காவோ மட்டும், அதுவும் பாதிப் பரிசு. 2009 இயற்பியல் நோபலின் மறுபாதி, கேமராவின் சிசிடி சென்சாருக்காகப் பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் போனது. ஒரு பரிசுக்கு மூன்று பேர்தான் என்பது விதி, நாற்காலி நிரம்பிவிட்டது.

அந்த சிசிடி-யிலும் இதே கதைதான். அதைக் கொண்டு படம் பிடிக்கச் செய்த மைக்கேல் டாம்ப்செட் நோபலில் இல்லை. பிரிட்டன் தரும் எலிசபெத் ராணி பொறியியல் பரிசில், 2017-ல், நால்வரில் ஒருவராக இருக்கிறார். லித்தியம் அயனி பேட்டரிக்கு 2014-ன் டிரேப்பர் பரிசு குட்எனஃப், நிஷி, யாஸாமி, யோஷினோ ஆகிய நால்வருக்கு. 2019-ன் நோபல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோவுக்கு. கிராஃபைட் மின்முனைக்கு வழிகாட்டிய யாஸாமியும், பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிஷியும் அதில் இல்லை. குழுவாகவே நடக்கும் துறைக்கு மூவர் விதி பொருந்தவில்லை என்பதே எங்கள் கருத்து.

கூடவே, இறந்தவருக்குக் கிடையாது என்ற விதி. ஒருங்கிணைந்த மின்சுற்றுக்காக (சிப்) 1989-ம் ஆண்டின் முதல் டிரேப்பர் பரிசை கில்பியும் நாய்ஸும் பகிர்ந்தார்கள். நாய்ஸ் 1990-ல் இறந்தார். கில்பிக்கு நோபல் வந்ததோ 2000-ல்.

கேள்வி: 'நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்' என்று சிலரைச் சொல்கிறார்களே, நம்பலாமா? பரிந்துரைப்பது எப்படி?

பதில்: நம்ப வேண்டியதில்லை. பரிந்துரை விவரங்கள் 50 ஆண்டுகள் ரகசியம். வெளியான பழைய பட்டியலைப் பார்த்தால், ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் 84 முறை பரிந்துரைக்கப்பட்டும் பரிசு பெறவில்லை. ஆகவே பரிந்துரை என்பது பாதிப் பரிசும் அல்ல.

இயற்பியல், வேதியியல் குழுக்கள் செப்டம்பரில் தகுதியானவர்களுக்குப் படிவம் அனுப்பும்: ஸ்வீடன் அறிவியல் அகாடமி உறுப்பினர்கள், முன்பு பரிசு பெற்றவர்கள், தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள். ஜனவரி 31-க்குள் படிவம் திரும்ப வேண்டும். பிறகு நிபுணர் மதிப்பீடு, அக்டோபரில் அகாடமியின் வாக்கெடுப்பு. தன்னைத்தானே பரிந்துரைத்தால் செல்லாது.

எலிசபெத் ராணி பரிசுக்குப் பொதுமக்களும் பரிந்துரைக்கலாம். அங்கேயும் தன்னைத் தானே கூடாது. நடுவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று கவனிக்கத்தக்கது: இதில் முக்கியப் பங்கு எனக்கும் உண்டு என்று சொல்லக்கூடியவர் வேறு யாராவது உண்டா? பொறியியல் பரிந்துரை பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும். நிறுவனத் தலைவர் பெயரைப் போட்டுவிட்டு, சிக்கலை அவிழ்த்தவரை விட்டுவிடுவார்கள். யார் எதை எப்போது செய்தார் என்பதற்குக் காப்புரிமைத் தேதி, ஆய்வுக்கட்டுரை, ஆய்வகக் குறிப்பேடு ஆகியவற்றைச் சேருங்கள். 'உலகை மாற்றியது' என்று எழுதுவதைவிட எத்தனை டெசிபல் குறைந்தது என்று எழுதுவது எடுபடும்.

கேள்வி: பரிசைப் பங்கிட்டால் பதக்கத்தையும் பங்கிடுவார்களா? அது சுத்தத் தங்கமா?

பதில்: ஆளுக்கொரு முழுப் பதக்கம். இப்போது 18 காரட் மறுசுழற்சித் தங்கம், சுமார் 175 கிராம். 1980-க்கு முன் 23 காரட். பங்கு பிரிவது பணம்தான். 2025-ல் ஒரு முழுப் பரிசு 1 கோடியே 10 லட்சம் ஸ்வீடன் குரோனா. கால் பங்குக்காரருக்கு 27.5 லட்சம்.